எண்ணுபவர் பிழை

சன்னசந்திரா தாண்டி ஒரு லெவல் கிராசிங்.
பெயர் இல்லை, நம்பர் உண்டு.
டிசம்பரில் ஏழு நாள் கணக்கெடுப்பு.
மர்பி டவுனிலிருந்து இருட்டோடு கிளம்பிவிடுவேன்,
ஆறிலிருந்து இரண்டு வரை என் முறை.
பிளாஸ்டிக் ஸ்டூல், கம்பி நீட்டிய குடை,
கட்டைவிரலால் அமுக்கினால் ஏறுகிற கவுண்டர் மூன்று.

சிவப்புச் சரடு: லாரி, பஸ், கார், மாட்டுவண்டி. ஒன்று.
மஞ்சள்: ஆட்டோ. அரை.
நீலம்: ஸ்கூட்டர், பைக். கால்.
மாட்டுவண்டி இங்கே எங்கே வரும் என்றேன்.
படிவம் பழசு,
மாட்டுக்கு மட்டும் இன்னும் மதிப்பு குறையவில்லை
என்றார் ஹேமாவதி மேடம், சிரிக்காமல்.

புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள்,
காலிடையில் கேஸ் சிலிண்டர்,
எல்லாம் ஒரே ஸ்கூட்டரில்: கால்.
தண்ணீர் லாரி, உள்ளே டிரைவர் தனியாக: ஒன்று.

நடப்பவர்களுக்குச் சரடு இல்லை.

கேட் இறங்கும். மணி அடிக்கும்.
ஹார்ன்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும்.
டிபன் பையை மார்போடு அணைத்து
கம்புக்குக் கீழே குனிவார்கள்,
இரண்டு பக்கமும் பார்த்து,
அல்லது ஒரு பக்கம் மட்டும்.
கேட்மேன் பசவலிங்கய்யா கன்னடத்தில் கத்துவார்,
தெலுங்கில் கத்துவார், என்னைப் பார்த்துக்கொண்டே தமிழிலும்.
மற்ற மொழிக்காரர்களுக்கு விசில்.

பூக்கூடை முனிரத்னா ஒரு காலையில் எட்டு முறை கடப்பாள்.
ஆறு நாற்பதுக்கு ஒருவர் வருவார்,
எதோ அடுக்குமாடியில் இரவுக் காவல் முடித்து,
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
எங்களுக்குள் பொதுவாய் ஒரு மொழி இல்லை.
தன் நெஞ்சைத் தொடுவார், கவுண்டரைக் காட்டுவார்,
புருவத்தை உயர்த்துவார்.
இல்லை என்று தலையசைப்பேன்.
நல்ல ஜோக்கைக் கேட்டவர் மாதிரி
சிரித்துக்கொண்டே குனிந்து போவார்.
இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாள்.

ஐந்தாம் நாள் மூடுபனி.

தொப்பி என் பக்கம் கிடந்தது.

ரயில் பதினெட்டு நிமிடம் நின்றது.
பதினெட்டு என்பது எங்கோ ஒரு அறிக்கையில் ஏறும்,
தாமதத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது.
விபத்தா என்று கேட்டேன்.
அத்துமீறல் என்றார்கள்.
விபத்துக்கு ஒரு வாகனமாவது வேண்டுமாம்.
பெஞ்சு போட்டு உட்காரவைத்து
இரண்டு போலீஸ்காரர்கள் பசவலிங்கய்யாவிடம்
கேட் மூடியிருந்ததா என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.
மூடியிருந்தது. மூடித்தான் இருந்தது.

பனி விலகி, வண்டிகள் நகரத் தொடங்கியபோது
சிவப்புச் சரட்டை எடுத்தேன்.
ஒரு தடவை அமுக்கினேன்.

அறிக்கை ஏப்ரலில் வந்தது. வழவழப்பான தாள்.
மேம்பாடுகள்: வேகத்தடை இரண்டு,
ஒளிரும் பலகை நான்கு, கேட் கம்புக்குப் புதுப் பெயின்ட்.
விபத்து, சென்ற ஆண்டு: இல்லை.
விபத்து, இந்த ஆண்டு: இல்லை.
இரண்டு இல்லைகளுக்கும் நடுவே
நேராக ஒரு கோடு, பச்சையில்.

பின்னிணைப்பில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்:
கேமரா பதிவோடு ஒப்பிட்டதில்
ஐந்தாம் நாள் ஒரு முழு அலகு கூடுதல்.
எண்ணுபவர் பிழை. கழிக்கப்பட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே
மேடம் ஃபோனில் கேட்டிருந்தார்:
அந்த ஒன்று, அது என்ன வண்டி?
பெயர் தெரியாது மேடம் என்றேன்.
அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.
ஃபேன் சுற்றுவது மட்டும் கேட்டது.
பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல:

மாட்டுவண்டின்னு போட்டுடவா?